கூரும் தேய்வும்: ஜவ்வாது மலை வேளாண் கைக்கருவிகளின் பராமரிப்பு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைச் செய்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. செய்த கருவியைப் பல ஆண்டுகள் பயன்பாட்டில் வைத்திருந்த தீட்டுதல், காய்ச்சி அடித்தல், காம்பு மாற்றுதல் முதலிய செயல்கள் ஆய்வுக்குள் வரவில்லை. ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் களமாகக் கொண்டு, புதிய கற்காலக் கோடரி முதல் இன்றைய களைக்கொத்து வரை பராமரிப்பு எவ்வாறு நிகழ்ந்தது, அதனை யார் செய்தனர், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அதனை எவ்விதம் பாதித்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்லியல் சான்றுகள், சங்க இலக்கியக் குறிப்புகள், சட்ட வாசகங்கள், தொழிற்சொற்கள் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, மலையாளிகள், கொத்துக்காடு, தீட்டுக்கல், சாணை, கொல்லர், வனச் சட்டம்

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு இம்மலையில் தோன்றிக் கீழே இறங்குகிறது. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட மலைச் சிற்றூர்களில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் மலையாளி என்றிருப்பினும் இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறிய வேளாண் குடியினர் தாங்கள் என்னும் வழிவழிச் செய்தியும் இவர்களிடையே உண்டு. இச்செய்தியை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில் பதிவு செய்துள்ளார். சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவை மலையின் மரபுப் பயிர்கள்.

இம்மக்களைப் பற்றிய இனவரைவியல் நூல்கள் உடை, மணமுறை, தெய்வம் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. கருவி என்று வரும்போது ஒரு பட்டியலோடு நின்றுவிடுகின்றன. கொத்து, கொடுவாள், அரிவாள், கோடாலி, கடப்பாரை என்று பெயர்களை அடுக்கிவிட்டு அடுத்த தலைப்புக்குச் செல்வதே வழக்கம். ஒரு கொத்து எத்தனை பருவம் உழைத்தது, மழுங்கியபோது அதற்கு என்ன நேர்ந்தது, அதனைக் கூராக்கிய கல் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படவே இல்லை. சரிவு நிலத்தில் கையால் கொத்திப் பயிரிட்ட குடிக்கு இவை சிறிய வினாக்கள் ஆகமாட்டா. கூர் மழுங்கிய கொத்தோடு களையெடுக்கும் நாள் ஒரு நாளின் வேலையை இரண்டு நாளாக்கும். மழை அதற்குக் காத்திராது.

தேய்த்து உருவான கருவி

கருவியைத் தேய்த்துக் கூராக்கும் செயல் இம்மலைப் பகுதியில் இரும்புக்கு முந்தியது. திருப்பத்தூர் வட்டத்திலுள்ள பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, புதிய கற்காலக் குடியிருப்பையும் அதன்மேல் இரும்புக்காலப் பண்பாட்டையும் அடுத்தடுத்த மண்ணடுக்குகளில் வெளிப்படுத்தியது. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகள் அங்குக் கிடைத்தன. கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. மலையில் இன்றும் விளையும் கொள்ளுக்கும் தேய்த்த கோடரிக்கும் இடையிலான தொடர்பு இங்கு மண்ணடுக்கிலேயே உள்ளது.

புதிய கற்காலக் கோடரி உருவாகும் படிநிலைகளைத் தென்னிந்தியச் சான்றுகளைக் கொண்டு எஃப்.ஆர். ஆல்ச்சின் 1957இல் விளக்கினார். முதலில் கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து உருவம் கொணர்தல், பின் கொத்திச் சமப்படுத்தல், அதன்பின் தேய்த்தல், இறுதியாக மெருகிடல் என்பன அவை. கருங்கல் வகையைச் சேர்ந்த டோலரைட் இதற்கு ஏற்றதாயிருந்தது. தேய்ப்பதற்குப் பாறைப்பரப்பும் நீரும் மணலும் வேண்டும். ஓரிடத்திலேயே தொடர்ந்து தேய்ப்பதால் பாறையில் நீண்ட குழிவுகள் விழுகின்றன. இத்தகைய தேய்ப்புப் பள்ளங்கள் தென்னிந்தியப் புதிய கற்கால இடங்களின் அடையாளமாகக் கருதப்படுகின்றன.

இப்பள்ளங்களைக் கோடரி செய்த இடங்கள் என்றே நூல்கள் குறிக்கின்றன. அவற்றுள் பல, செய்த கோடரியை மீண்டும் கூராக்கிய இடங்களாகவும் இருந்திருக்க வேண்டும். ஒரு கோடரியை ஒருமுறைதான் செய்யமுடியும், பலமுறை தீட்டவேண்டியிருக்கும். எனவே பள்ளத்தின் ஆழத்தில் செய்தலின் பங்கைவிடப் பராமரிப்பின் பங்கு மிகுதி என்று கருத இடமுண்டு. வடிவ வகைப்பாட்டிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு. தீட்டத் தீட்டக் கல்லின் நீளம் குறைகிறது, வாய்ப்பகுதியின் சரிவு மாறுகிறது. நீண்ட கோடரி, குட்டைக் கோடரி என்று அருங்காட்சியகத்தில் இருவகையாகப் பிரிக்கப்பட்டவை ஒரே கருவியின் இளமையும் முதுமையுமாக இருக்கக்கூடும். அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் ஃபிரிசன் 1968இல் சில்லுக் கருவிகளைக் கொண்டு இவ்வுண்மையை எடுத்துக்காட்டினார். பின்னர் அது அவர் பெயராலேயே ஃபிரிசன் விளைவு எனப்பட்டது. தமிழகக் கற்கோடரிகளின் வகைப்பாடு இந்நோக்கில் மறு ஆய்வுக்கு உரியது.

இக்கோடரிகளுக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. திருப்பத்தூர், ஜவ்வாது மலைப் பகுதிகளில் மரத்தடிகளிலும் சிறு கோயில்களிலும் இவை தெய்வமாக வழிபடப்படுவதைக் கள ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். சேர்வராயன் மலையிலிருந்து இத்தகைய கோடரிகளை ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்தார். அவருடைய தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. மஞ்சளும் எண்ணெயும் பூசி வைக்கப்பட்ட கல்லில் தேய்ப்பின் வழவழப்பே முதலில் கண்ணில் படுகிறது. இயற்கையான கல்லிலிருந்து அதனை வேறுபடுத்திக் காட்டியதும் அவ்வழவழப்பே. அக்கல்லைக் கண்டெடுத்தவர் அதனைத் தெய்வமென்று கொண்டதற்குப் பழங்காலத்து ஒருவர் மணலும் நீரும் இட்டுத் தேய்த்த உழைப்பே அடிப்படை என்பதில் ஐயமில்லை.

இரும்பும் ஏழூர்க் கொல்லனும்

தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்த கருத்து அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புச் சான்று பொது ஆண்டுக்கு முன் 2172 எனக் காலக்கணிப்புச் செய்யப்பட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025இல் வெளியான இரும்பின் தொன்மை என்னும் அறிக்கை சிவகளைச் சான்றுகளைக் கொண்டு அதனை மேலும் பின்னோக்கி நகர்த்தியது. இவ்விவாதம் முழுவதும் இரும்பு எப்போது உருக்கப்பட்டது என்பதைப் பற்றியதாகவே உள்ளது. உருக்கிய இரும்பு ஒரு குடியானவன் கையில் எவ்வாறு நீடித்தது என்பது வேறு வினா. அதற்குச் சங்க இலக்கியமே சிறந்த சான்று தருகிறது.

ஜவ்வாது மலைக்கு மிக அருகிலுள்ள சங்க நூல் மலைபடுகடாம். செங்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகளை உடையது. சேயாற்றையும் நவிர மலையையும் குறிப்பது. மலைவழியில் கூத்தர் காணும் விளைநிலங்களைச் சொல்லும் பகுதியில், உழாமல் விதைத்துத் துளரால் களையெடுக்கப்பட்ட துடவை ஒன்று இடம்பெறுகிறது. துளர் என்பதற்கு உரைகாரர் களைக்கொட்டு எனப் பொருள் கொள்வர். ஏர் செல்லாத சரிவில் கொத்து ஒன்றே கருவியாக இருந்த வேளாண்மையை இது தெளிவாகக் காட்டுகிறது. சேலம், ஜவ்வாது மலைகளைப் பற்றிய பிற்கால ஆவணங்களில் உழவுக்காடு, கொத்துக்காடு என்று நிலம் இருவகையாகப் பேசப்படுவதற்கு இத்துடவையே முன்னோடி எனலாம்.

கொல்லனைப் பற்றிய சங்கக் குறிப்புகளுள் பராமரிப்பு ஆய்வுக்கு மிகப் பயன்படுவது குறுந்தொகையின் 172ஆம் பாடல். பிரிவால் ஓய்வின்றி வருந்தும் தலைவியின் நெஞ்சுக்கு ஓர் உவமை அங்கு வருகிறது. ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைந்த உலையின் துருத்தியே அவ்வுவமை. பாடலின் நயத்தைப் பாராட்டுவோர் துருத்தியின் ஓயாத அசைவையே கருதுவர். பொருளியல் நோக்கில் காணின் அது ஒரு கணக்கையும் தருகிறது: ஏழு ஊருக்கு ஓர் உலை. அவ்வுலைக்கு வேலை குவிந்திருந்தது. ஆறு ஊரார் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்து காத்திருக்க வேண்டியிருந்தது. சமவெளியிலேயே இந்நிலை என்றால் மலையூர்களின் நிலையை எளிதில் உய்த்துணரலாம்.

புறநானூற்றின் 95ஆம் பாடலும் இங்குக் கருதத்தக்கது. தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் நுனியும் விளிம்பும் சிதைந்து எந்நேரமும் கொல்லனின் சிறுகுடிலில் கிடப்பதையும் ஒப்பிட்டுக் கூறுகிறார். வஞ்சப் புகழ்ச்சியின் எடுத்துக்காட்டாக இப்பாடல் பயிற்றப்படுகிறது. கருவி வரலாற்றுக்கோ இதில் பராமரிப்பின் இரு நிலைகள் கிடைக்கின்றன. பயன்படாத இரும்புக்குத் துருவே பகை. அதற்கு நெய் பூசுகின்றனர். பயன்படும் இரும்புக்குத் தேய்வே பகை. அதற்கு உலை வேண்டும். இவ்விரண்டும் ஒரே பாடலில் வேறுபடுத்திச் சொல்லப்பட்டுள்ளன. வேலை வடித்துத் தருவது கொல்லனின் கடன் என்று கூறும் 312ஆம் பாடலின் வடித்தல் என்னும் வினையும் செய்தலோடு கூராக்கலையும் உள்ளடக்கியதே.

கூராக்கும்தோறும் இரும்பு குறைகிறது என்னும் அறிவைத் திருக்குறள் தருகிறது. உட்பகை உற்ற குடி அரத்தால் அராவப்பட்ட இரும்பைப்போலத் தேயும் என்பது 888ஆம் குறளின் கருத்து. அரம் பிடிப்பவன் ஒவ்வொரு முறையும் இழப்பது எவ்வளவு என்பதை அன்றாடம் கண்ட ஒரு சமூகத்திற்கே இவ்வுவமை விளங்கும்.

செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளியிட்டது. அக்கற்களில் வாளும் வில்லும் நிலைபெற்றுள்ளன. கொத்துக்கு அங்கு இடமில்லை.

தீட்டும் முறைகள்

வேளாண் கைக்கருவிகளுக்கு ஒரே வகைக் கூர் பொருந்தாது. மலையில் புழங்கும் கருவிகளை அவற்றின் வாய் தேயும் தன்மையைக் கொண்டு மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது மண்ணில் இறங்கும் கருவிகள்: கொத்து, களைக்கொட்டு, மண்வெட்டி, கடப்பாரை. கல் கலந்த சரிவு நிலத்தில் இவற்றின் வாய் மழுங்குவதோடு குறுகியும் போகிறது. கல்லில் தீட்டினால் மட்டும் இழந்த நீளம் திரும்பாது. உலையில் காய்ச்சி, பட்டடைக் கல்லில் வைத்து அடித்து வாயை நீட்டவேண்டும். காய்ச்சி அடித்தல் என்று கொல்லர் சொல்வது இதையே. உடற்பகுதியை மெல்லிரும்பிலும் வாயை மட்டும் எஃகிலும் அமைத்த பழைய கருவிகளில், எஃகுப் பட்டை முழுவதும் தேய்ந்தபின் புதிய எஃகை வைத்துப் பற்றவைப்பதும் உண்டு. அவ்வாறு எஃகு வைத்த கொத்து மீண்டும் சில பருவங்கள் உழைக்கும். மண்வெட்டியின் வாயை ஒருபுறம் மட்டுமே சரித்துத் தீட்டுவர். இருபுறமும் சரித்தால் கல்லில் பட்டதும் விளிம்பு மடங்கிவிடும்.

இரண்டாவது மரத்தையும் முள்ளையும் வெட்டும் கருவிகள்: கோடாலி, கொடுவாள். இவற்றை வீட்டிலேயே தீட்டிக்கொள்வர். நீர் தெளித்த கல்லில், சரிவின் கோணம் மாறாமல், வாய் முழுவதும் ஒரே சீராகப் படும்படி இழுப்பர். கோடாலியின் வாய்க்குப் பின்புறம் சற்றே புடைத்திருக்க வேண்டும். அதனைத் தட்டையாகத் தேய்த்துவிட்டால் கோடாலி மரத்தில் சிக்கிக்கொள்ளும். எந்த நூலிலும் எழுதப்படாத இவ்வறிவு தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்றது.

மூன்றாவது கருக்கரிவாள். சாமை, தினைத் தாள்களை அறுப்பதற்குரிய இதன் உள்விளிம்பில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பல் உள்ள பக்கத்தைக் கல்லில் தேய்த்தால் கருக்குப் போய்விடும். மறுபுறத்தை மட்டும் இலேசாகத் தேய்த்து முனைகளை எழுப்பலாம். பற்கள் முற்றும் மழுங்கியபின் கருவியைக் காய்ச்சி இளக்கி, உளியால் ஒவ்வொரு பல்லாக மீண்டும் கருக்கு வெட்டி, அதன்பின் தோய்ச்சல் கொடுக்கவேண்டும். இது கொல்லனால் மட்டுமே இயலும். அறுவடைக்கு முந்தைய நாட்களில் பட்டறையில் கூட்டம் சேர்வதற்கு இதுவே காரணம்.

தோய்ச்சல் என்பது சிவக்கக் காய்ச்சிய வாயை நீரில் அமிழ்த்தி வலிமையூட்டல். முழுதும் குளிர்ந்த எஃகு கண்ணாடிபோல் உடையக்கூடியதாகிவிடும். எனவே மிதமான சூட்டை மீண்டும் விளிம்புக்குப் பாயவிட்டு, நிறம் பார்த்து நிறுத்துவர். ஏறத்தாழ 220 முதல் 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறமும், 300 பாகையை ஒட்டி நீல நிறமும் எஃகின்மேல் தோன்றும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினமான கூர். நீலம்வரை விட்டால் வளைந்துகொடுக்கும் வாய். வெப்பமானி இல்லாத பட்டறையில் நிறமே அளவுகோல். பட்டறை பெரும்பாலும் அரையிருளில் இருப்பது இந்நிறங்களைக் காண்பதற்கே.

தீட்டுக்கல்லைப் பற்றிய செய்திகளும் நுட்பமானவை. ஜவ்வாது மலையின் பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைசு வகையின. இவை கடினமானவை எனினும் எல்லாப் பரப்பும் தீட்டுவதற்கு ஏற்றதன்று. கூராக்கும் வேலையை உண்மையில் செய்வது வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்சின் துகள். அதனைப் பொடித்து மரப்பலகையில் தூவி அரிவாளைத் தீட்டும் முறை தமிழகத்தில் பரவலாக இருந்தது; பனையேறிகளின் கருவிகளுள் தீட்டுப்பலகையும் ஒன்று. தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது என்னும் பழமொழி நன்றி மறத்தலைச் சுட்ட இன்று வழங்குகிறது. பழமொழி தோன்றிய காலத்தில் கூர் தீட்டும் பொருள் மரமாகவே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

சுழலும் சாணைக்கு வேறு வரலாறு உண்டு. அரக்கை உருக்கிக் குருந்தக்கல் தூளோடு பிசைந்து வட்டமாக வார்த்துச் செய்வது மரபுச் சாணை. சாணை என்னும் சொல் வடமொழிச் சாணம் என்பதன் திரிபு. கொரண்டம் என்று உலகம் இன்று வழங்கும் கனிமப் பெயரோ குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது. 1798இல் சார்லஸ் கிரெவில் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் இக்கல்லைப் பற்றி எழுதினார். தருமபுரிப் பகுதியின் பாப்பாரப்பட்டி குருந்தக்கல் கிடைக்கும் இடங்களுள் ஒன்று. ஜவ்வாது மலையிலிருந்து அது நெடுந்தொலைவன்று. ஆயினும் சுழலும் சாணை கொல்லர், தட்டார், சாணைக்காரர் ஆகியோரின் கருவியாகவே இருந்தது. மலைக்குடியின் வாசலில் இருந்தது அசையாத கல்.

காம்பும் பராமரிப்பில் அடங்கும். தடசு மரம் அதிர்ச்சியைத் தாங்கி வளையும் தன்மையால் காம்புக்குப் பெயர்பெற்றது. கோடைக் காய்ச்சலில் காம்பு சுருங்கித் தலை ஆடும். நீரில் ஊறவைத்தால் தற்காலிகமாக இறுகும். ஆப்பு அடித்தால் நிலைக்கும். வேலை முடிந்தபின் இரும்பைத் துடைத்துப் புங்கெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ தடவி இறவாணத்தில் செருகுவதும், அடுப்புப் புகை படும் பரணில் வைப்பதும் தமிழகச் சிற்றூர்களின் பொது வழக்கம்.

ஊதியம் யாருக்கு, பொறுப்பு யாருக்கு

சமவெளி ஊர்களில் கருவிப் பராமரிப்பு ஓர் அமைப்பாகவே இயங்கியது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊரின் வரிநீங்கல் நிலங்களுள் கம்மாணசேரி இடம்பெறுகிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் நடத்திய அளவை, கொல்லருக்கும் தச்சருக்கும் மானிய நிலமும் களத்தில் தானியப் பங்கும் இருந்ததைப் பதிவு செய்துள்ளது. தானியப் பங்கு ஆண்டுக்கு ஒருமுறை அளிக்கப்பட்டது. ஒரு கொழுவுக்கு இவ்வளவு, ஓர் அரிவாளுக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்பட்டதன்று. இதன் பொருள், கொல்லன் பெற்றது பழுது பார்க்கும் பொறுப்புக்கான ஊதியம் என்பதே. கருவி நன்றாக நீடித்தால் கொல்லனுக்கு வேலை குறைவு, ஊதியம் அதே அளவு. நல்ல தோய்ச்சல் கொடுப்பது அவனுக்கே நன்மை.

மலையில் இவ்வமைப்பை அப்படியே எதிர்பார்க்க இயலாது. சிதறிய சிற்றூர்களும் இடம் மாறும் புனங்களும் ஒரு பட்டறையை நிலையாகத் தாங்குவது அரிது. செங்கம், போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் ஆகிய அடிவாரச் சந்தை ஊர்களே மலைக்கும் இரும்புக்கும் இடையிலான வாயில்கள். ஆகவே உலை தேவைப்படும் வேலைகளைப் பருவத்துக்கு ஒருமுறை கீழே கொண்டுசெல்வதும், மற்றவற்றை வீட்டிலேயே கல்லில் முடித்துக்கொள்வதும் என்னும் பிரிவினை உருவாயிற்று எனலாம். மலைக்குடியின் தீட்டும் திறன் சமவெளி உழவனின் திறனைவிட மிகுந்திருக்க வேண்டிய தேவை இதனால் எழுகிறது. இக்கருத்தை மறுப்போர் மலைமேல் குடியமர்ந்த கொல்லர்களைச் சுட்டக்கூடும். அத்தகைய குடியமர்வு இருந்த இடங்களிலும் குறுந்தொகை கூறும் ஏழூர்க் கணக்குக்கு மேல் உலைகள் இருந்திருக்க வாய்ப்பில்லை.

மலைப்பகுதியில் கருவிக்கு இருந்த இடத்தை வரி முறையும் காட்டுகிறது. சேலம் பகுதி மலைகளில் நில அளவை முறையாக நிகழ்வதற்கு முன் ஏர், கொத்து ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டே தீர்வை கணக்கிடப்பட்டது. நிலம் ஆண்டுதோறும் மாறியது, கொத்து மாறவில்லை. அரசு எண்ணக்கூடியதாக இருந்தது அதுவே.

சட்டத்தின் பார்வையில் கூர்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு வேறு துறைகள் குடியானவனின் கருவியை நோக்கின. வேளாண் துறை ஒருபுறம்; வனத்துறை மறுபுறம்.

1865இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட சோதனைப் பண்ணை ஆங்கிலேயக் கலப்பைகளையும் பொறிகளையும் பரப்ப முயன்றது. அவை ஊர்களில் நிலைக்கவில்லை. ஜான் அகஸ்டஸ் வோல்கர் 1893இல் வெளியிட்ட இந்திய வேளாண்மை மேம்பாட்டு அறிக்கை, நாட்டுக் கருவிகள் சூழலுக்குப் பொருந்தியவை என்றும், மலிவும் எளிதில் பழுதுபார்க்கும் வசதியும் அவற்றின் வலிமை என்றும் ஏற்றுக்கொண்டது. பழுதுபார்க்கும் வசதி என்னும் சொல்லுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஊர்க்கொல்லனும் தீட்டத் தெரிந்த குடியானவனுமே. இரும்புக் கலப்பை உடைந்தால் ஏழூர் உலையாலும் அதனைச் சீர்செய்ய இயலாதிருந்தது.

வனத்துறையின் பார்வை வேறு. டீட்ரிக் பிராண்டிஸின் ஆலோசனையை ஒட்டி உருவான 1882ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமாகிய சென்னை வனச் சட்டம், காப்புக்காட்டினுள் மரம் வெட்டுதல், தீயிடல், நிலம் திருத்தல் ஆகியவற்றோடு கல் எடுத்தலையும் கரி சுடுதலையும் தடைசெய்தது. பொதுவாகப் புனவேளாண்மைத் தடை என்றே இது ஆராயப்படுகிறது. கருவிப் பராமரிப்பின் கோணத்தில் பட்டியலை மீண்டும் படித்தால் வேறொன்று புலப்படும். தீட்டுவதற்குக் கல், உலைக்குக் கரி, காம்புக்கு மரம் ஆகிய மூன்றும் அத்தடைக்குள் வருகின்றன. கொத்தை வைத்திருக்க உரிமை இருந்தது. அதனைக் கொத்தாக வைத்திருக்கத் தேவையானவை அனுமதிக்கு உரியனவாயின.

சட்டத்தின் 41ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. வனக்குற்றம் நிகழ்ந்ததாகக் கருதக் காரணம் இருப்பின், மரத்தோடு அக்குற்றத்தில் பயன்படுத்தப்பட்ட கருவிகள், கயிறுகள், சங்கிலிகள், படகுகள், வண்டிகள், கால்நடைகள் ஆகியவற்றையும் கைப்பற்ற வன அலுவலருக்கும் காவல் அலுவலருக்கும் அது அதிகாரம் அளித்தது. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. திருப்பத்தூரில் அரசின் சந்தனமரக் கிடங்கு அமைந்தது. மரம் அரசின் செல்வமானபோது மலைவாழ்வோரின் கோடாலி ஐயத்துக்கு உரிய பொருளாயிற்று. ஒரு கோடாலியை இழந்த குடும்பம் இழந்தது இரும்பை மட்டுமன்று. பல ஆண்டுகள் தீட்டிக் கைக்குப் பழகிய வாயையும், பருவம் பார்த்து வெட்டி உலர்த்திய காம்பையும் சேர்த்தே இழந்தது. பறிமுதல் பதிவேட்டில் அவை எண்ணிக்கை ஒன்று என்றே இடம்பெறும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலத்துக்கும் சிறு வன மகசூலுக்கும் உரிமை பேசுகிறது. காம்புக்கான மரம் அதன் எவ்வுறுப்பில் அடங்கும் என்பது பெரிதும் பேசப்படாத ஒன்று.

உலை அணைந்தபின்

20ஆம் நூற்றாண்டில் கருவி இரும்பின் மூலம் மாறியது. நாட்டு உலையில் உருக்கிய இரும்பு மறைந்து ஆலை இரும்பு வந்தது. ஜாம்ஷெட்பூரில் ஆக்கப்பட்ட மண்வெட்டிகள் சந்தைகளில் இடம்பெற்றன. ஊர்க்கொல்லர்கள் லாரிகளின் தேய்ந்த வில்லுப்பட்டையை வாங்கி அரிவாளும் கொடுவாளும் அடிக்கத் தொடங்கினர். வில்லுப்பட்டை முழுவதும் எஃகு ஆதலின் வாய்க்குத் தனியே எஃகு வைக்கும் வேலை இல்லாமற்போயிற்று. அவ்வேலைக்குரிய சொற்களும் வழக்கிறங்கின. தோல் துருத்திக்கு மாற்றாகக் கைச்சக்கர ஊதியும் பின்னர் மின் ஊதியும் வந்தன.

மின்சாணை வந்தபோது ஏற்பட்ட மாற்றம் இவற்றைவிட ஆழமானது. விரைந்து சுழலும் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் சில நொடிகளில் நீலம் பாய்ந்துவிடும். கொல்லன் நிறம் பார்த்து நிறுத்திய தோய்ச்சல் அந்நொடியில் கலைந்துபோகும். தீட்டி முடித்தவுடன் அரிவாள் கூராகவே தோன்றும். இரண்டு நாள் அறுப்பில் மழுங்கும். மீண்டும் சாணை, மீண்டும் நீலம். அரிவாள் மட்டமான இரும்பு என்று பழி பெறுகிறது. நீர் தெளித்த கல்லில் மெல்ல இழுத்த பழைய முறை மெதுவானது என்று கைவிடப்பட்டது. அம்மெதுமைதான் தோய்ச்சலைக் காத்து வந்தது என்பது கைவிட்டபின்னரே தெரியவருகிறது.

இவ்வரலாற்றை எழுதுவதிலுள்ள இடர் சான்றுகளின் இயல்பிலேயே உள்ளது. கற்கோடரி தேய்ந்தாலும் கல்லாகவே எஞ்சுகிறது. தெய்வமாகவோ அருங்காட்சியகப் பொருளாகவோ நிலைபெறுகிறது. தேய்ந்த கொத்து அவ்வாறு எஞ்சுவதில்லை. உள்ளங்கை அகலத்துக்குக் குறுகியபின் அது பழைய இரும்புக் கடைக்குப் போய் மீண்டும் உலைக்குள் செல்கிறது. எஞ்சுவது வாசற்படியருகே குழிந்து கிடக்கும் தீட்டுக்கல் ஒன்றே. ஓட்டு வீடும் கூரை வீடும் இடிக்கப்பட்டுக் காரை வீடு எழும்போது அக்கல் அடித்தளத்துக்குப் போகிறது. குழிவின் நீளம், ஆழம், சரிவு ஆகியவற்றை அளந்தால் எவ்வகைக் கருவி எத்தலைமுறை அளவுக்கு அதில் தீட்டப்பட்டது என்பதை ஓரளவு கணிக்க முடியும். புதிய கற்காலப் பள்ளங்களை அளப்பதற்குத் தொல்லியலாளர் கையாளும் அதே முறை இதற்கும் போதுமானது. ஜமுனாமரத்தூர்ச் சுற்றுவட்ட ஊர்களில் அத்தகைய கற்கள் இன்னும் வாசல்களில் கிடக்கும்போதே அவ்வளவை தொடங்கப்பட வேண்டும்.